அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது?

மேட்டூர் அணையில் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்ட ஆண்டுகளில் நாளிதழ்களில் ஒரு படம் தவறாமல் வரும். பண்ணவாடிப் பரிசல் துறைக்கு அருகே, மூழ்கிப்போன ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தி சேற்றுக்கு மேலே தலையைத் தூக்கியிருக்கும். சற்றுத் தள்ளிப் பழைய கிறித்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரம் நிற்கும். அதைப் பார்க்கவும் படமெடுக்கவும் கூட்டம் போகும். பண்ணவாடி சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. தண்ணீரின் எதிர்க்கரையான நாகமரை தருமபுரி மாவட்டம், பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்தது. நெடுங்காலமாக இரு கரைகளையும் படகுதான் இணைத்துவந்திருக்கிறது. இடையில் கிடப்பது முன்பு வீடும் வயலுமாக இருந்த நிலம்.

1925-இல் தொடங்கிய அணை வேலை 1934-இல் முடிந்தது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இந்த எண்களைக் காவிரிப் படுகைக்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தத் தண்ணீரால் தஞ்சை விளைந்தது. தண்ணீருக்கு இடம் கொடுத்து மேடேறியவர்களின் வீடுகளோ மண்சுவரும் கூரையும். கல்லால் கட்டிய கோயிலும் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த கோபுரமும் நின்றன, மண்சுவர்கள் கரைந்தன. ஆகவே தண்ணீர் வற்றினால் நமக்குத் தெரிவது ஊரின் தெய்வங்கள் மட்டும்தான். ஒருத்தி சமைத்த அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது, குதிர் எங்கே நின்றது, மாட்டுக்கொட்டகை வாசலை ஒட்டியா, பின்கட்டிலா என்பதை எந்த வறட்சியும் காட்டிக்கொடுக்காது.

நாகமரை இருக்கும் தருமபுரி மாவட்டத்தில் வேறு சில அணைகளும் உண்டு. தும்பலஅள்ளி அணை, கேசர்குளி அணை, நாகாவதி அணை. அவற்றை ஒட்டி ஈழத்திலிருந்து வந்த தமிழர்களின் முகாம்கள் இருக்கின்றன. அணையின் பெயரே முகாமின் பெயர். 2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற சொல்லை நீக்கி 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. ஓர் அணை வீடுகளை மூழ்கடித்த மாவட்டத்தில், வேறு அணைகளின் கரைகளில், கடலுக்கு அப்பால் வீடிழந்து வந்தவர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். இந்த இரு சாராரையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓர் ஓவியரின் புத்தகம்.

தாமோதரம்பிள்ளை சனாதனன் 1969-இல் பிறந்தவர். டெல்லியில் ஓவியம் பயின்று, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். ஓவியம், நிறுவல், புத்தகம், சேகரம் என்று பல ஊடகங்களைக் கலந்து வேலை செய்கிறார். எந்த ஊடகத்தைத் தொட்டாலும் அவர் திரும்பி வந்து நிற்கும் இடம் வீடுதான். 2011-இல் ஷர்மினி பெரெய்ராவின் 'ரேக்கிங் லீவ்ஸ்' பதிப்பகம் வெளியிட்ட அவருடைய 'முடிவுறாத தோம்பு' என்ற புத்தகம், வீட்டு நினைவைக் கலையாக்கும் முயற்சிகளில் நானறிந்தவரை மிகவும் நேர்மையானது.

தோம்பு என்ற சொல் நம்மூரில் வழக்கொழிந்துவிட்டது. போர்த்துக்கீசியர் வழியாக வந்து, டச்சுக்காரர் காலத்தில் இலங்கையில் நிலைத்த நிலப்பதிவேடு அது. எந்த நிலம் யாருடையது, எல்லை எது, வரி எவ்வளவு என்று எழுதிவைத்த அரசாங்கக் கணக்கு. நம்முடைய சிட்டா, அடங்கலுக்கு அது அண்ணன் முறை. பயிரைச் சொல்லும், பரப்பைச் சொல்லும். அங்கே வாழ்ந்தவர் அந்த நிலத்தை எப்படி நினைத்தார் என்று சொல்லாது. சனாதனன் அந்தச் சொல்லை எடுத்து, அது ஒருபோதும் பதிவு செய்யாததைப் பதிவு செய்ய வைத்தார்.

முறை எளியது. இலங்கை உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் போனார். அவர்கள் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். இப்படிச் சேர்ந்த 80 வீடுகள் புத்தகத்தில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மூன்று அடுக்கு. முதலாவது, வீட்டுக்குரியவர் தம் கையால் போட்ட கோடு. அதன் மேல் ஒளி ஊடுருவும் தாளில், கட்டடக்கலைஞர் வரைவது போன்ற ஒழுங்கான வரைபடம். மூன்றாவதாக, அந்த வீட்டைப் பற்றி அவர் சொன்னதிலிருந்து சனாதனன் தீட்டிய ஓவியம். கூடவே வீட்டுக்காரரின் கூற்று. முழுப் புத்தகமும் அலுவலகக் கோப்பு போலக் கட்டப்பட்டிருக்கிறது. அரசாங்கக் கச்சேரியில் கொண்டுபோய்க் கொடுத்தால் மேசை எழுத்தர் வாங்கி வைத்துக்கொள்வார் போன்ற தோற்றம்.

அந்த முதல் அடுக்கில்தான் என் கண் நிற்கிறது. வரையத் தெரியாதவர் ஒருவர் தம் வீட்டை வரையும்போது அளவுகோல் எதுவும் வேலை செய்வதில்லை. மனத்தில் பெரிதாக இருப்பது தாளிலும் பெரிதாகிவிடும். கிணறு அறையை மிஞ்சலாம், மரம் கூரையை மிஞ்சலாம். கதவு எங்கே என்று யோசித்துக் கை தயங்கியிருந்தால் கோடும் தயங்கும். கட்டடக்கலைஞரின் தாள் அதன் மேல் விழுந்ததும் எல்லாம் நேராகிவிடுகிறது: சுவர் சுவராகிறது, அறை செவ்வகமாகிறது. ஆனால் அடியிலிருந்து நடுங்கும் கோடு தெரிந்துகொண்டே இருக்கிறது. அரசின் கணக்கும் ஆளின் நினைவும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை. பக்கம் பக்கமாக எழுதும் ஆய்வாளனுக்கு இந்த ஒரு தாளின் மேல் பொறாமை வர வேண்டும். எனக்கு வந்தது.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தப் புத்தகத்தை மதிக்கிறேன். 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். வட மாகாணம் முழுவதிலுமாக வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். சரியாக ஐந்தாண்டு கழித்து, 1995 அக்டோபர் 30 இரவில், இராணுவம் நெருங்கிவர, யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் லட்சக்கணக்கில் ஒரே சாலையில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். தேதி ஒன்று, துரத்தப்பட்டவர் வேறு. தம் இனத்தின் இழப்பை மட்டும் எழுதிவைப்பது எவருக்கும் எளிது. சனாதனனின் தோம்பில் முஸ்லிம் வீடுகளும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரனின் கிணற்றடியையும் சேர்த்து வரைந்தால்தான் அது ஊரின் வரைபடம்.

இந்தப் புத்தகம் திடீரென்று பிறக்கவில்லை. போர்நிறுத்தத்தால் சாலைகள் திறந்திருந்த 2004-இல், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் – புறம்' என்ற கண்காட்சி நடந்தது. 1981-இல் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்ட அதே நூலகம். அதற்காகச் சனாதனனும் அவருடன் சேர்ந்த இளம் கலைஞர்களும் வீடு வீடாகப் போய், மக்கள் போர்க்காலத்திலிருந்து பத்திரப்படுத்தி வைத்திருந்த நூற்றுக்கணக்கான பொருட்களைக் கேட்டு வாங்கிக் காட்சிக்கு வைத்தார்கள். 'வரலாறுகளின் வரலாறு' என்று பெயர். பிறகு வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்து மானுடவியல் அருங்காட்சியகத்துக்காக, அங்கே குடியேறிய ஈழத்தமிழர்களிடம் வீட்டை நினைவூட்டும் சிறு பொருட்களைக் கேட்டு வாங்கி ஒரு நிறுவல் செய்தார். 2016 கொச்சி முசிறிஸ் பினாலேயில் வைத்த 'எதிர்ப்பின் அலமாரி' நூலக அட்டைப் பெட்டி வடிவிலானது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை இழுப்பறைக்குள் அட்டை அட்டையாக வைத்தது.

அந்தத் தடைக்காலத்தைச் சொல்லாமல் 'கண்டெடுத்த பொருள்' என்ற கலைச்சொல்லைத் தமிழில் பேச முடியாது. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பெட்ரோல், மின்கலம், சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தடை அல்லது தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்காயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெட்ரோல் காட்டிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கையில் கிடைத்ததை வேறொன்றாக்கும் இந்த வித்தைக்கு யாரும் கலை என்று பெயர் வைக்கவில்லை. அது வாழ்க்கை. கலைஞர் அதை மரியாதையோடு அட்டையில் ஏற்றினார், அவ்வளவே.

ஐரோப்பியக் கலை வரலாறு இந்தக் கதையை வேறு இடத்தில் தொடங்கும். 1912-இல் பிக்காசோ ஓவியத்துக்குள் பிரம்பு நாற்காலியின் அச்சு பதித்த எண்ணெய்த் துணியை ஒட்டினார். 1917-இல் டுஷாம்ப் ஒரு சிறுநீர்க் கலத்தைக் கண்காட்சிக்கு அனுப்பினார். டுஷாம்ப் பொருளைத் தேர்ந்தெடுத்த அடிப்படை பற்றின்மை. அந்தப் பொருள் யாருடையது என்பது முக்கியமே இல்லை என்பதுதான் அவருடைய வாதம். நமக்கு அந்த வாதம் பொருந்தாது. ஆனால் அதே ஐரோப்பாவில் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற ஜெர்மானியர் இருந்தார். டிராம் டிக்கெட், நூல்துண்டு, உடைந்த மரம் என்று பொறுக்கியவற்றைக் கொண்டு ஹனோவரில் தம் வீட்டு அறைகளையே ஒரு படைப்பாக ஆண்டுக்கணக்கில் வளர்த்தார். நாஜிகளுக்குத் தப்பி 1937-இல் நார்வே போனார், பிறகு இங்கிலாந்து. 1943-இல் நேச நாடுகளின் குண்டு அந்த வீட்டை அழித்தது. அவர் போன இடமெல்லாம் அதை மறுபடி தொடங்கினார். எதையும் முடிக்காமல் 1948-இல் இறந்தார். சனாதனனுக்கு உறவு தேடுவதானால் டுஷாம்பை விட்டு ஷ்விட்டர்ஸிடம் போக வேண்டும்.

அதைவிட நெருங்கிய உறவு சண்டிகரில் இருக்கிறது. நேக் சந்த் 1924-இல் பிறந்த ஊர் பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போயிற்று. சண்டிகர் நகரம் எழும்பியபோது பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார். அந்த நவீன நகருக்காகப் பழைய கிராமங்கள் இடிக்கப்பட்டன. இடிபாட்டிலிருந்து உடைந்த வளையல், பீங்கான், ஓடு என்று சைக்கிளில் அள்ளிக் காட்டுக்குள் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் ஓர் ஊரையே உருவாக்கினார். மக்களும் ஆடுமாடும் அருவியும் உள்ள ஊர். 1976-இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தாம் இழந்த கிராமத்தை, பிறர் இழந்த கிராமங்களின் சில்லுகளால் கட்டினார் என்பதே அதன் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மேட்டூருக்குப் பக்கத்தில் அப்படி ஒருவர் பிறக்கவில்லை.

தருமபுரிக்கு அடுத்த திருவண்ணாமலையில் பிறந்தவர் பெனிதா பெர்சியாள். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். பழைய மரம், விதை, பட்டைத்தூள், குங்கிலியம், சாம்பிராணி இவைதான் அவருடைய பொருட்கள். 2014 கொச்சி பினாலேயில் வாசனைப் பொருட்களைக் குழைத்துச் செய்த அவருடைய விவிலிய உருவங்கள் நின்ற கூடத்தில் கண்ணுக்கு முன் மூக்குக்குத்தான் வேலை. நினைவு கண் வழியாக மட்டும் வருவதில்லை என்பது வீடு மாறிய எவருக்கும் தெரியும். பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்ததும் முதலில் வருவது வாசனை. சனாதனன் கோட்டிடம் கேட்டதை பெனிதா மணத்திடம் கேட்கிறார்.

தருமபுரி மண்ணுக்கு இவையெல்லாம் புதிதா? பொருளை நிறுத்தி ஆளை நினைப்பதில் இந்த மாவட்டம் மூத்தது. தகடூர் அதியமானுக்கு நட்ட கல்லைப் பற்றி ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. பல்லவர் காலத்து நடுகற்கள் இங்கே வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் ஏராளம். பல தருமபுரி அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டன. வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, ஊர், வீரனின் பெயர், எந்த மாட்டு மந்தையை மீட்கப் போய் விழுந்தான் என்ற செய்தி எல்லாம் அந்தக் கற்களில் உண்டு. அடுத்துள்ள செங்கம் பகுதி எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு நின்று காவல் செய்த நாயின் பெயர்கூடப் பொறித்திருக்கிறது: கோவிவன். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு நாயின் பெயரை மறக்கக் கூடாது என்று நினைத்த மக்கள் நாம்.

பிறகு என்ன ஆயிற்று? வட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போனார்கள். கல் நின்றது, சொல் போயிற்று. பேர் தெரியாத வீரன் வேடியப்பனானான். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களில் இன்றும் வேடியப்பனுக்குப் பொங்கல் உண்டு. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அன்பின் ஒரு வடிவம்தான் அதுவும். ஆனால் அந்தக் கல் ஒரு பாடம் வைத்திருக்கிறது. பொருள் தன்னால் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. பக்கத்தில் சொல் இருக்கும்வரைதான் அது ஆளைக் காட்டும். சொல் போனால் சாமியாகும், அல்லது சரக்காகும்.

சரக்காவதைப் பார்க்கக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போக வேண்டும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பெயர்த்த கதவு, தூண், எனாமல் தட்டு, குடும்பப் புகைப்படம் எல்லாம் கடைகளில் வரிசையாக இருக்கும். யாருடைய பாட்டி என்று தெரியாத படம் ஏதோ ஓர் உணவகத்தின் சுவருக்குப் போகும். ஆட்டுக்கல் தோட்டத்து அலங்காரமாகும். 'நாஸ்டால்ஜியா' என்று அதற்கு விலை போடுகிறார்கள். கண்டெடுத்த பொருட்களால் கலை செய்யும் இளைஞர்கள் பலர் இந்தத் தெருவிலிருந்தே தொடங்குகிறார்கள். அவர்கள் கையில் வரும்போதே பொருளின் நாக்கு அறுபட்டுவிட்டது. அழகாக அடுக்கலாம், அதைப் பேசவைக்க முடியாது. சனாதனன் செய்த வேலையின் பெரும்பகுதி கடையிலும் பட்டறையிலும் நடந்ததல்ல. எதிரே உட்கார்ந்து, வீட்டைப் பற்றிக் கேட்டு, பென்சிலை எதிரில் இருப்பவரிடம் கொடுத்தார். கலப்பு ஊடகம் என்பதில் முதல் ஊடகம் அந்தக் கேள்வி.

தருமபுரியில் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டிய இடங்கள் அணைக்கரைகள் மட்டுமல்ல. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சாதி வெறியால் கொளுத்தப்பட்டன. பீரோ, தொலைக்காட்சி, இருசக்கர வண்டி, சான்றிதழ் என்று எரிந்தவற்றின் படங்கள் அப்போது வந்தன. இழப்பீட்டுக் கணக்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை உண்டு. பெங்களூரில் சித்தாள் வேலை செய்து, வட்டிக்கு வாங்கி, ஒவ்வோர் அறையாகக் கட்டிய வீட்டில் எந்த அறை எந்த ஆண்டுக் கூலியில் எழுந்தது என்பதற்குக் கணக்கில் கட்டம் கிடையாது. தோம்பு முடிவுறாதது என்று சனாதனன் பெயர் வைத்தது ஈழத்துக்கு மட்டும் பொருந்துவதல்ல.

அணை கட்டும்போது வீடு விட்டு ஏறியவர்களில் அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று நூறைத் தாண்டியிருக்கும். அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளே எழுபது, எண்பதில் இருக்கிறார்கள். முகாம்களில், நடுமுற்றம் வைத்த நாற்சார் வீட்டையும் கூரையிட்ட வாசலான சங்கடப்படலையையும் ஏற்றமிட்ட துலாக் கிணற்றையும் கண்ணால் கண்டவர்கள் மூப்படைந்துவிட்டார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அவை வெறும் சொற்கள். இவர்களிடம் வீட்டை வரைந்து வாங்குவதில் தருமபுரி அருங்காட்சியகத்துக்கும் கல்லூரி வரலாற்றுத் துறைகளுக்கும் பெரிய செலவு ஒன்றும் இல்லை. தாள், பென்சில், ஒலிப்பதிவுக்குக் கைபேசி, கேட்கப் பொறுமையுள்ள மாணவர்கள் போதும். வரைந்தவரின் பெயரும் தேதியும் தாளின் மூலையிலேயே இருக்கட்டும். வரைபடம் தவறாக இருந்தாலும் திருத்த வேண்டாம். அதன் மேல் மெல்லிய தாள் வைத்துச் சரியானதைத் தனியாக வரைந்துகொள்ளலாம்.

அடுத்த கோடையில் நீர் இறங்கி நந்தி தெரியும்போது பண்ணவாடிக்குப் படமெடுக்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். துறையில் உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுங்கள். அவருடைய பாட்டி வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது என்று கேளுங்கள். அவர் கோடு போட்டு முடிக்கும்வரை கிளம்பாமல் இருங்கள்.